தைலத்தை நிறுத்திவிட்டேன்

அரவேணு
வியாழக்கிழமை

ஜெபிஷாவின் அப்பாவுக்கு,

மஸ்கட் வெயிலில் ஆண்டவர் உங்களுக்கு நிழலாக இருப்பாராக. போனில் பேசினால் நீங்கள் சத்தம் போடுவீர்கள், நான் அழுதுவிடுவேன், விஷயம் பாதியில் நின்றுவிடும். அதனால்தான் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன். முழுவதும் படித்துவிட்டுக் கூப்பிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடிக்கொண்டிருந்த நம் மகள் பாட்டு முடியுமுன் உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சு விசிலடித்தது. குன்னூர் டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் மூக்கைப் பற்றித்தான் கேட்டார். காலையில் எழுந்ததும் தும்மலா, மூக்கு அரிக்குமா, வாயால் மூச்சு விடுகிறாளா என்று. எல்லாவற்றுக்கும் ஆமாங்க, ஆமாங்க என்றேன். மூக்கும் நெஞ்சும் ஒரே பாதைங்க, மேல ஒவ்வாமையில வீங்குனா கீழ மூச்சுக்குழாயும் வீங்கும், மூக்கைக் கவனிக்காம நெஞ்சுக்கு மட்டும் மருந்து கொடுத்தாப் பத்தாதுங்க என்றார்.

நம் ஊரில் மூக்கடைத்தால் என்ன செய்வோம்? யூகலிப்டஸ் தைலம்தான். தலையணையில், நெஞ்சில், வெந்நீரில். நீலகிரியில் இருந்துகொண்டு தைலம் வேண்டாம் என்றால் சிரிப்பார்கள். ஆனால் இவளுக்கு அந்தக் காட்டமே மூச்சு இழுப்பைக் கிளப்பிவிடுகிறதாம். நீங்கள் வாங்கி வைத்துப் போன பெரிய பாட்டிலைப் பக்கத்து வீட்டு நாச்சிமுத்து அண்ணனின் முட்டிவலிக்குக் கொடுத்துவிட்டேன். கோபப்படாதீர்கள். இப்போது தினமும் மூக்குக்கு ஸ்பிரே, நெஞ்சுக்கு இன்ஹேலர். கம்பளியை வெயிலில் காயப் போடுகிறேன், வெயில் வருகிற அன்றைக்கு.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இவளைக் கோயம்புத்தூருக்கு அழைத்துப்போக சனிக்கிழமை உங்கள் அக்கா வருகிறாராம். மலைக் குளிர்தான் காரணம் என்று நீங்கள் அவரிடம் சொன்னீர்களாம். போன மே மாதம் அங்கே இருந்தபோதும் இவள் தும்மிக்கொண்டுதான் இருந்தாள். அப்போது ஃபேன் காற்று என்றோம். அக்கா நல்லவர்தான். ஆனால், இன்ஹேலர் எல்லாம் பழகிப்போயிடும், எங்க ஊட்டுக்கு வந்தா அதை மூட்டை கட்டி வெச்சிருவேன் என்கிறார். அப்படிப்பட்ட இடத்துக்கு நான் பிள்ளையை அனுப்பமாட்டேன். நீங்கள் சொன்னாலும் அனுப்பமாட்டேன்.

உங்கள் பயம் எனக்குத் தெரியாமல் இல்லை. மஞ்சூரிலிருந்து ஊட்டிக்கு வந்த பஸ்ஸில் உங்கள் தம்பி ரொனால்ட் இழுப்பு வந்து உங்கள் மடியிலேயே போனதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னீர்கள். அன்றிலிருந்து குளிர் என்றாலே உங்களுக்கு ஆகாது. ஆனால் அந்தப் பிள்ளையைக் கொண்டுபோனது குளிர் இல்லைங்க. அந்த நேரத்துக்கு அவன் கையில் மருந்து இல்லை. இவள் பையில் இருக்கிறது. எப்படி எடுக்க வேண்டும் என்று அவளுக்கும் தெரியும், அவள் டீச்சருக்கும் தெரியும்.

அக்காவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். சொல்ல முடியாவிட்டால் வரட்டும். சோறு போட்டு, மரியாதையாகக் கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன், தனியாக.

ஆண்டவர் உங்களுக்கு நல்ல தூக்கத்தைத் தரட்டும். அவள் மூச்சு விடுவதை நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உங்கள்
பிரிஸில்லா