வாடிக்கையாளர் குழுவில் அக்கா

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். போனில் கூப்பிட்டால் ‘ம்’ கொட்டுவதோடு சரி, அதனால்தான் கடிதம்.

அப்பா புது போன் வாங்கியிருக்கிறார். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வரும் பிரேம்களைப் படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்ப வேண்டுமாம். எண்களைக் குடும்பம், வாடிக்கையாளர்கள், சரக்கு தருபவர்கள் என்று குழு குழுவாகப் பிரிக்கும் பொறுப்பு எனக்கு. ‘பல்வலி’ என்றொரு பெயர் இருந்தது. யாரென்று கேட்டால், பல் டாக்டராம். நம்மிடம்தான் கண்ணாடி வாங்குகிறாராம்.

அடுத்து உன் எண். “குடும்பத்துல போடவாப்பா?” என்றேன். லென்ஸைத் துடைத்தபடியே, “கடையில உக்கார மாட்டேன்னு போனவ. போனது போனதுதான்” என்றார். அழிக்க மனம் வரவில்லை. நீயும் கண்ணாடி போடுகிறவள்தானே? வாடிக்கையாளர்களில் சேர்த்துவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை.

உன் அறை முழுக்கப் பிரேம் பெட்டிகள். இடுக்கில் நுழைந்துபோய் ஜன்னலோரம் படிக்கிறேன்.

உன் அன்புத் தங்கை,
புத்தகப்புழு

ஜூன் 19

அடி புழு,

உன் கெட்டிக்காரத்தனத்தை எங்கே போய்ச் சொல்ல! பெயின்ட் கம்பெனியில் நிறம் கலந்துகொண்டிருக்கும்போது போன் அதிர்கிறது. வீட்டிலிருந்தோ என்று கையைத் துடைத்துக்கொண்டு ஓடினால், ‘இரண்டு கண்ணாடி வாங்கினால் உறை இலவசம்.’ கூட வேலை செய்பவள், “யாருடி, வீட்டுலேர்ந்தா?” என்கிறாள். “கண்ணாடிக் கடை” என்கிறேன். பொய்யில்லை.

என்னை எடுத்துவிடு. அப்பாவுக்கு நான் ஒரு வாடிக்கையாளர் என்பதைவிட, எதுவுமே இல்லை என்பது மேல். உன்மேல் கோபமில்லை.

அக்கா

ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. உடனே உன் எண்ணை எடுக்கப் போனேன். அப்பா பின்னால் நின்றுகொண்டிருந்தார். “அதை ஏன் எடுக்குற? இருக்கட்டும்” என்றார். நீ அந்தக் குழுவில் இருப்பதை எப்போது கவனித்தாரோ.

மறுநாள் அம்மா துணி காயப்போடும் படம் வாடிக்கையாளர்களுக்குப் போயிருந்தது. குழு மாறிவிட்டது, அழித்துவிடுங்கள் என்றேன். “மாறலை” என்று எங்கோ பார்த்தபடி சொன்னார். அடுத்து என் மதிப்பெண் அட்டை. கணக்கில் இன்னும் கவனம் தேவை என்று பல் டாக்டர் எழுதியிருந்தார். மானமே போயிற்று.

நேற்று உன் அறையிலிருந்த பெட்டிகளை எல்லாம் அப்பாவே கடைக்குச் சுமந்தார். அம்மா கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டதும், அறையைப் படம் பிடித்து அதே குழுவுக்கு அனுப்பினார். பல் டாக்டர் உடனே, ‘ரூம் வாடகைக்கா?’ என்றார். அப்பா ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார்: ‘இல்லை. ஆள் இருக்கு.’

இதையெல்லாம் நீயும் பார்த்திருப்பாய். பார்க்காதது ஒன்று உண்டு. அனுப்பிவிட்டு, போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கடை திறக்கவே தாமதமாகிவிட்டது.

உன்னைக் குடும்பத்துக்கு மாற்றிவிடட்டுமா?

புழு

ஜூலை 9

புழுக்குட்டி,

மாற்றாதே. குடும்பத்துக்கு அவர் ஒன்றுமே அனுப்புவதில்லை என்று சித்தி குறைபட்டுக்கொள்கிறாள்.

என் கண்ணாடியின் திருகாணி தளர்ந்திருக்கிறது. ‘ஞாயிறு கடை உண்டா?’ என்று குழுவில் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவர் கடை திறந்து நான் பார்த்ததில்லை. கேட்டு வாய் மூடுமுன் பதில் வந்தது: ‘உண்டு.’

அதைப் பார்த்துவிட்டு பல் டாக்டரும் வருகிறேன் என்கிறார். அவரை மட்டும் திங்கட்கிழமை வரச் சொல்லு.

அக்கா