மஞ்சள் போகாத மந்திரவாதிகள்

அக்கா,

இன்று காலை சமையலறை ஜன்னலோரம் மூடி வைத்திருந்த எவர்சில்வர் டப்பாவைத் திறந்தேன். குப்பென்று அந்த வாசம். காயம் கழுவுகிற, தரை துடைக்கிற, ஆஸ்பத்திரி வராந்தா முழுக்க அடிக்கிற அதே கிருமிநாசினி வாசம். ஒரு நொடி நீங்கள் அந்தப் பச்சைத் திரைக்குப் பின்னால் படுத்துக்கொண்டே என்னை வேலை ஏவுவது போலிருந்தது. செத்தும் விட மாட்டீர்களா என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். அதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அதற்கும் உங்களைத்தான் திட்டினேன்.

டப்பாவுக்குள் கிடந்தவன் நம் ஏழு மந்திரவாதிகளில் மூத்தவன், கூம்புத் தொப்பிக்காரன். கட்டைவிரல் உயரம்தான் இருப்பான். நேற்றுச் சாயங்காலமே அவனை அந்த மருந்துத் தண்ணீரில் ஊறப் போட்டேன். ஒரு ராத்திரி ஊறினால் பூசின வண்ணமெல்லாம் இளகிவிடும், பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் பொம்மை மறுபடி வெள்ளையாகிவிடும். பொம்மைப் போர் விளையாடுகிற எல்லோரும் செய்கிற காரியம் இது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மதுரையில் போட்டி. முழுதாக வண்ணம் பூசாத பொம்மையை அங்கே மேசையில் வைக்க விட மாட்டார்கள். நீங்கள் அரைகுறையாக விட்டுப்போன ஏழு பேரையும் உரித்து, உங்கள் கை பட்ட இடம் தெரியாமல் துடைத்து, என் இஷ்டத்துக்குப் பூசிக்கொண்டு போக வேண்டும். அதுதான் என் திட்டம். இவன் வெள்ளோட்டம்.

இதையெல்லாம் யாருக்கு விளக்கிக்கொண்டிருக்கிறேன்? உங்களுக்குத் தெரியாததா? இந்த வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது என்பதுதான் எரிச்சல்.

திருத்தங்கலுக்கு நான் இளைய மருமகளாக வந்தபோது சீர்வரிசையோடு ஒரு அட்டைப்பெட்டியும் வந்தது. பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில் சனி ஞாயிறுகளில் விளையாடிய பொம்மைப் படையும், இன்னும் வண்ணம் பூசாத ஏழு தாடிக்கார மந்திரவாதிகளும் அதில் இருந்தார்கள். மேசை மேல் அட்டைக் குன்றும் பாழடைந்த கோபுரமும் வைத்து, அளவு நாடாவால் தூரம் அளந்து, பகடை உருட்டிச் சண்டை போடுகிற விளையாட்டு. நீங்கள் பெட்டியைத் திறந்து ஒன்றை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தீர்கள். "ஏட்டி, இஞ்சினியரிங் படிச்சவளுன்னாகளே, சொப்பு வச்சு வெளையாடுறவளையா கட்டிட்டு வந்திருக்கான்?" என்றீர்கள். அத்தைக்கு அடுத்து இந்த வீட்டில் நீங்கள்தான். வீட்டை ஒட்டின அச்சகத்திலும் நீங்கள் வைத்ததுதான் சட்டம். பட்டாசுப் பெட்டிக்கு வண்ணம் வண்ணமாக லேபிள் அச்சடித்து ஓட்டுகிற மிஷின்கள்கூட உங்கள் குரல் கேட்டால் கொஞ்சம் பதவிசாக ஓடின மாதிரிதான் எனக்குத் தோன்றும்.

சரி, வாய்க்கொழுப்பு, போகட்டும் என்று இருந்தேன். ஆமத்தூர் காதுகுத்துக்கு முன்னால் வரை இருந்தேன்.

அதற்கு முந்தின மாதம் எனக்குக் கரு கலைந்தது. என்னை விருதுநகரில் டாக்டரிடம் கூட்டிப்போனதே நீங்கள்தான். அத்தையிடம் சேலை எடுக்கப் போகிறோம் என்று சொன்னீர்கள். பொய் பொய்யாக இருக்கக் கூடாதென்று வரும்போது ஒரு சேலையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டீர்கள். பஸ்ஸில் உங்கள் தோளில் சாய்ந்துதான் வந்தேன். என் வீட்டுக்காரரையும் உங்களையும் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது. அப்படித் தெரிந்த நீங்கள், காதுகுத்துப் பந்தியில், யாரோ ஒரு சித்தி "இளையவளுக்கு விசேஷம் ஒன்னும் இல்லையா?" என்று கேட்டதும் என்ன சொன்னீர்கள்? கையில் பாயச வாளியோடு நின்று, ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னீர்கள்.

"அவளுக்கென்ன, ஏழு பிள்ளை பெத்து வரிசையா நிறுத்தி வச்சிருக்கா. அம்புட்டும் தாடியோட பொறந்திருக்கு."

பந்தியே சிரித்தது. சித்திக்குப் புரையேறியது. நான் இலையை மடித்துவிட்டு எழுந்தேன். அப்போதும் நீங்கள், "பாயசம் வேண்டாமாட்டி?" என்று கேட்டீர்கள். அடிப்பாவி என்று மனசுக்குள் சொன்னேன். அக்காவை அப்படிச் சொல்லலாமா என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவேயில்லை. இன்றைக்கும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து அழுதபோது என் வீட்டுக்காரர் சொன்னார்: "மதினி உன்னையக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னாக. பாரு, பெறகு ஒருத்தராவது வாயத் தெறந்தாகளா?" திறக்கவில்லைதான். அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்திலும் யாரும் என்னிடம் விசேஷம் விசாரிக்கவில்லை. "தாடிப் பிள்ளைக சொகமா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார்கள். இதற்குப் பெயர் காப்பாற்றுவதென்றால் எனக்கு அந்தக் காப்பாற்றல் வேண்டாம், அக்கா. யார் கேட்டது உங்களை?

மறு வாரம் என் அறைக்குள் வந்தீர்கள். கதவைத் தட்டுகிற பழக்கம் உங்களுக்கு ஏது? மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறீர்கள் என்று முட்டாள்தனமாக நாற்காலியை நகர்த்திப் போட்டேன். உட்கார்ந்தீர்கள். மந்திரவாதிகளை ஒவ்வொருவராக எடுத்து வெளிச்சத்தில் திருப்பினீர்கள். "எவன் இவன், கம்பு வச்சிருக்கவன்? தீ வைக்கிறவனா?" என்றீர்கள். அவன் புயலை வரவழைப்பவன் என்றேன். "புயலா, ஐப்பசியிலயா? சீசன் நேரத்துல அவனை வெளிய விட்டுராத, அம்புட்டுச் சரக்கும் நமுத்துரும்" என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். நீங்கள் பாட்டுக்கு என் தூரிகையை எடுத்துக்கொண்டீர்கள்.

அன்றைக்கு ஆரம்பித்தது சண்டை. நான் ஒரு பொம்மையை எடுத்தால் அடி முதல் முடி வரை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவேன். உங்களுக்கு அது பொறுக்கவில்லை.

"ஒவ்வொன்னா முடிக்கிறதுக்கு இதென்ன கோலமா? அம்புட்டுப் பேருக்கும் மொதல்ல மஞ்சளை ஓட்டு. காயட்டும். பெறகு சிவப்பு, பெறகு நீலம். கருப்பு கடைசி."

"அக்கா, இது தாள் இல்ல, பொம்மை."

"தாளுல படுத்துக்கிட்டு இருக்கும். இது எந்திரிச்சு நிக்குது. அம்புட்டுதான வித்தியாசம்?"

வெள்ளை அடிப்பூச்சு கொடுக்கக்கூட விடவில்லை. வெள்ளைப் பொம்மைக்கு மேல் எதற்கு வெள்ளை என்று டப்பாவைப் பிடுங்கி வைத்தீர்கள். என் மஞ்சள் வண்ணத்தைத் தாளில் இழுத்துப் பார்த்து, "ஏட்டி, இது மஞ்சளா? மோர்க்குழம்பு. இதை லேபிள்ல ஓட்டுனா கம்பெனிக்காரன் லோடோட திருப்பி அனுப்பிருவான்" என்றீர்கள். நான் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனேன். ஒரு வாரம் கழித்துத் திரும்பினால் என் மேசையில் ஏழு பேரும் மஞ்சளாக நிற்கிறார்கள்.

பையைக்கூட இறக்காமல் உங்களிடம் கத்தினேன். பச்சை அங்கி, பழுப்பு அங்கி என்று ஒவ்வொருவனுக்கும் நான் சொல்லி வைத்திருந்தேன். எல்லாவற்றிலும் மஞ்சள். தொப்பிக்காரன் அங்கியில் பாதி மஞ்சள், மீதியைச் சும்மா வெள்ளையாக விட்டிருந்தீர்கள். தொட்டால் விரலில் ஒட்டியது. "ஏன்க்கா இன்னும் காயல?" என்றால், "மழைக்காத்து" என்றீர்கள். வாரக்கணக்கில் அது காயவில்லை. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. நானும் கேட்டுக்கொண்டேன் பாருங்கள்.

மஞ்சள் ஒருவழியாகக் காய்ந்ததும் சிவப்பை நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஓட்டினோம், பேச்சுவார்த்தை அதிகமில்லாமல். அதற்கு என் புட்டிகளையே எடுத்துக்கொண்டீர்கள். தினமும் மத்தியானம் அச்சகத்தில் சாப்பாட்டு மணி அடித்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்துவிடுவீர்கள். நீங்கள் வரும் நேரத்துக்கு நான் தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றி வைத்தேன். ஏன் வைத்தேன் என்று எனக்கே என் மேல் ஆத்திரம் வரும். ஒவ்வொரு நாளும் அந்த ஒரு வார்த்தை வரும் என்று பார்த்தேன். "சிவப்பு கெட்டியா இருக்கு, தண்ணி விடு" என்பதுதான் வந்தது.

பிறகு உங்களுக்கு நெஞ்சுவலி. சீசன் முடியட்டும் என்று யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்து, கடைசியில் மிஷின் பக்கத்திலேயே சரிந்து, மதுரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்படி ஆனது. அத்தான் மருந்து வாங்கப் போன நேரம் நாம் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். இனி விட்டால் கிடைக்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கேட்டேன்.

"அக்கா, ஆமத்தூர்ல அன்னைக்குச் சொன்னீகளே. அதுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க."

நீங்கள் சுவர்ப் பக்கம் பார்த்தீர்கள். உதடு அசைந்தது. நான் குனிந்தேன்.

"நீலம் ஓட்டிட்டியா?"

நீங்கள் என்னிடம் கடைசியாகப் பேசியது இதுதான். இழவு வீட்டில் எல்லோரும் மாரடித்து அழுதபோது எனக்கு அழுகை வரவில்லை. சின்னவளுக்குக் கல் நெஞ்சு என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. கல்தான். கிடக்கட்டும் என்று பெட்டியை மூடிப் பரணில் போட்டேன்.

இன்று காலைக்கு வருகிறேன். தொப்பிக்காரனைக் குழாயடியில் பிடித்துத் தேய்த்தேன். சிவப்பு குழம்பாகக் கரைந்து ஓடியது. நன்றாக வேண்டும் என்று இன்னும் அழுத்தித் தேய்த்தேன். மஞ்சள் போகவில்லை. அழுக்குப் போய் முன்னைவிடப் பளிச்சென்று ஆனதுதான் மிச்சம். டீ குடிக்க வந்த என் வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்த, அச்சு சரிபார்க்கிற லென்சை எடுத்து வைத்துப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார்.

"இது நம்ம மிஷின் மைதான? லேபிளுக்கு ஓட்டுற மஞ்சள். யாரு இதைப் பொம்மையில தடவுனது?"

"வேற யாரு?"

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "தாளுன்னா மையை உறிஞ்சிக்கிரும், ஒரு நாள்ல காஞ்சிரும். இதுல காயவே மாசமாகும். காஞ்சா போகவும் செய்யாது. இதுக்கு மேல வேற எதுலயாவது ஊறப் போட்டின்னா மூஞ்சியே கரைஞ்சிரும், பாத்துக்க."

மழைக்காத்தாம், மழைக்காத்து! அந்த டப்பாவைச் சுவரில் எறிந்திருப்பேன், எவர்சில்வர் நெளிந்துவிடும் என்று விட்டேன். என் பொம்மை, என் மேசை. நான் இல்லாத நேரம் பார்த்து, மிஷின் மையைக் கொண்டுவந்து, ஒரு வார்த்தை சொல்லாமல் பூசி வைத்திருக்கிறீர்கள். ஆயுசுக்கும் போகாத மாதிரி. என்ன திண்ணக்கம் உங்களுக்கு?

போகாவிட்டால் மறைத்துவிடுகிறேன் என்று நீலத்தைத் திறந்தேன். கோபத்தில் தண்ணீர் அதிகமாகிவிட்டது. இளகின நீலத்தை அப்படியே அவன் அங்கி மேல் இழுத்தேன். மஞ்சள் மேல் அது பட்ட இடம் பச்சையானது. பட்டாசு லேபிளில் கிளிக்கு வருமே, அந்தப் பச்சை. நீங்கள் வெள்ளையாக விட்ட மீதிப் பாதி நீலமாகவே நின்றது. நான் சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது: தொப்பிக்காரனுக்கு ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் நீலம். அடுத்தவனை எடுத்தேன். மஞ்சள் மேல் நீங்களும் நானும் சிவப்பு ஓட்டின இடம் நீலம் பட்டுப் பழுப்பானது. நான் சொன்ன பழுப்பு. ஏழு பேருக்கும் நான் சொன்னதையெல்லாம் காதில் வாங்கி, மனசுக்குள் ஓட்டிப் பார்த்துத்தான் அந்த மஞ்சளை வைத்திருக்கிறீர்கள்.

இதைச் சொல்லித் தொலைத்திருக்கலாமே அக்கா! ஒரு வாய் வார்த்தை. அதற்கென்ன கேடு? "நீ கேட்ட பச்சைதான் வரும், பொறு" என்று சொல்லியிருந்தால் நான் ஏன் அம்மா வீட்டிலிருந்து வந்ததும் வராததுமாக உங்களிடம் கத்தப் போகிறேன்? ஊருக்கு முன்னால் அத்தனை பேசுகிற வாய்க்கு, சொல்ல வேண்டியது மட்டும் வராது. புயல்காரன் தாடியில் உங்கள் மஞ்சள் ஒரு சொட்டுச் சிந்தியிருக்கிறது. நிழலுக்கு நீலம் விட்டதும் அவனுக்கு மட்டும் தாடி பச்சையாகிவிட்டது. நீங்களும் பிசகுகிற ஆள்தான் என்று கொஞ்ச நேரம் சந்தோஷமாக இருந்தது. பிறகு அந்தத் தாடியைப் பார்த்துக்கொண்டே அழுதேன். இழவு வீட்டில் வராத அழுகை, அடுக்களைத் தரையில் உட்கார்ந்து வந்தது.

சாயங்காலம் வெளிச்சம் போகுமுன் தொப்பிக்காரனுக்குச் சிவப்பை மறுபடி ஓட்டினேன். பிறகு எல்லோருக்கும் கருப்பு. புருவம், அங்கி மடிப்பு, கடைசியில் கண். ஏழு பேரும் இப்போது என்னைப் பார்க்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதுரையில் யாராவது குனிந்து பார்த்து, இந்தப் பச்சை எப்படி வந்தது, யார் பூசினது என்று கேட்பார்கள். மஞ்சள் எங்கள் பெரியக்கா என்று சொல்வேன். தாடியோடு பிறந்த பிள்ளைகள் என்று நீங்கள் சொன்னதையும் சொல்வேன். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். நீ ஏன் சிரிக்கவில்லை என்று எவராவது கேட்டால், விருதுநகர் டாக்டரையும் சொல்வேன், அந்தச் சேலையையும் சொல்வேன். பஸ்ஸில் என்னைத் தாங்கின தோளும் பந்தியில் என்னைக் கிழித்த வாயும் ஒரே ஆளுடையது. இரண்டையும் பிரித்து ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள எனக்கு வழி தெரியவில்லை.

நீலம் ஓட்டிவிட்டேன், அக்கா. கருப்பும் வைத்தாயிற்று. உங்களை இன்னும் மன்னிக்கவில்லை.