மண் பூசிய முருக்குகள்

1934 அக்டோபர் 4
முறிந்த இடுப்பெலும்பு ஒட்டிவிட்டதாம். அண்ணன் மகன் ஜெபசீலனின் பின்னறையில் நான்தான் ஒட்டவில்லை. முப்பது வருடம் வடகிழக்கே நாகர் மலையில் பள்ளிக்கூடம் நடத்திவிட்டு மார்ச்சில் திரும்பியவளுக்கு, இப்போது ஊன்றுகோலும் கொல்லைப்புறமும்தான் உலகம்.

மேல்தோட்டத்து முருக்கு மரங்களைப் பிடுங்கி ரப்பர் வைக்கப்போகிறானாம். நாகர்கள் வயலில் நிற்கும் ஆல்டர் மரத்தை ஆளுயரத்தில் வெட்டி, வெட்டிய இடத்தில் மண் பூசிக் கல் வைப்பார்கள். மரம் துளிர்க்கும், வேர் நிலத்துக்கு உரம் கூட்டும், நடுவே தினையும் சேம்பும் விளையும். முருக்கும் அதே குணம்தான் என்றேன்.

"சரி அத்தே. கிறிஸ்மசுக்குள்ள பாதி துளிர்த்தா தோட்டம் அப்படியே கிடக்கட்டும். அங்க உள்ள குடிசையில நீங்களும் இருந்துக்கிடுங்க."

இளக்காரம். ஏற்றுக்கொண்டேன்.

அக்டோபர் 9
தோட்டக்காரன் தங்கப்பன் வெட்டினான். மழை விட்டிருக்கிறது, நாகர்களும் மழை ஓய்ந்த பிறகே வெட்டுவார்கள். "தலையில மண்ணும் கல்லுமா? மரத்துக்கு என்ன ஜலதோஷமா, டீச்சரம்மா?"
பத்தொன்பதில் ஆறு மரம் வரை நாற்காலியில் இருந்து பார்த்தேன். அதற்குமேல் இடுப்பு ஒத்துழைக்கவில்லை.

அக்டோபர் 27
மழை.

நவம்பர் 11
மழை. ஐப்பசி மழை! எப்படி மறந்தேன்? நாகர் மலையில் இந்நேரம் வறண்ட குளிர். இங்கே இரண்டாவது மழை உண்டென்பது பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். மண்பூச்சு நீரைப் பிடித்து வைத்திருக்கும். முருக்கோ பஞ்சு போன்ற மரம் — அழுகும். என்னையே ஏசிக்கொண்டேன்: இந்த அறையிலயே சாகப்போறியா? ஆமாட்டி, கிட.

டிசம்பர் 20
ஆறு அழுகல். பதின்மூன்று துளிர். தங்கப்பன் தலையைச் சொறிந்தான்.
"நீங்க போன பொறவு நான் மண்ணு பூசல்ல. ஏசுவியளேன்னு கல்ல மட்டும் வச்சேன்."
"மழ வரும்னு ஏம்ல சொல்லல்ல?"
"படிச்சவியளுக்கு நான் மழையா சொல்லிக்குடுக்க?"

டிசம்பர் 23
ஜெபசீலன் பார்த்துவிட்டு வந்தான். "உங்க நாகா வித்தை ஜெயிச்சிட்டு அத்தே!"
துளிர்த்தவை அனைத்தும் தங்கப்பனின் வித்தை. சொன்னால் பந்தயம் செல்லாது என்பான்; தோட்டத்துக்கு ரப்பர், எனக்கு இந்த அறை. நான் திருத்தாமல் விட்ட முதல் விடைத்தாள்.

1935 ஜனவரி 16
குடிசைக்கு வந்தாயிற்று. தங்கப்பன் வாசலில் நின்று கேட்டான்: "அடுத்த வெட்டு எந்த மாசம், டீச்சரம்மா?"
"நீயே சொல்லு."
"மாசி. அப்ப மழ கெடையாது" என்றான், சிரிக்காமல்.
எழுதிக்கொண்டேன்.