முற்றிலும் மறுக்க இயலாது

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் நாங்கள் நலமா என்பது எங்களைவிட உனக்குத்தான் நன்றாகத் தெரியும். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதமே. உன் பக்கம் போன் இன்னும் வேலை செய்யவில்லை. எதிர்வீட்டு லாரிக்கார அண்ணன் மதியம் அணையின் மறுகோடியில் இருக்கும் உங்கள் அலுவலகத்துக்கு சிமெண்டு ஏற்றிக்கொண்டு வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். அவர் மூட்டைகளை இறக்கிவிட்டுக் கிளம்புவதற்குள் பதில் எழுதிக் கொடு. சாப்பிடாமல் இருந்தாலும் பரவாயில்லை, எழுதிக் கொடு.

மழை கொஞ்சம் விட்டிருக்கிறது. அப்பாவுக்கு இருமல் குறைந்துவிட்டது, வாய் மட்டும் குறையவில்லை. தெருக்கோடியில், அணையின் அடிவாரத்தில் கசிந்து வரும் தண்ணீர் வழக்கமாகக் கண்ணாடி மாதிரி இருக்குமே, அது இன்று காலையிலிருந்து செம்மண் நிறத்தில் வருகிறது. பிள்ளைகள் அதில் காகிதக் கப்பல் விடுகிறார்கள்.

உங்கள் அலுவலகம் எங்கள் தெருவுக்கு அனுப்பிய அறிக்கை நேற்றுக் காலை வந்து சேர்ந்தது. கீழே உன் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. தெருச் சங்கத் தலைவர், பழைய பேங்க் மேனேஜர், மாலையில் எல்லோரையும் தன் வீட்டு வாசலில் கூட்டினார். "நீங்களே படிங்கம்மா, உங்க தம்பி எழுதினது, உங்களுக்குத்தான் வாய் தெளிவு" என்று என்னிடம் மைக்கைக் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டில் அறிவிப்பு செய்பவளுக்கு மைக்கைக் கண்டால் விடுமா? நிறுத்தி, நிதானமாக, ஆறு பக்கத்தையும் படித்தேன். முதல் பக்கம் முழுக்க எந்தக் கருவியை எங்கே புதைத்தீர்கள் என்று இருந்தது. இரண்டாவதில் மண்ணின் வகைகள். பிறகு அட்டவணை. அட்டவணையைக்கூட விடாமல் படித்தேன். ஆறாம் பக்கத்தின் கடைசிக்கு முந்திய வரியில், "உள்மண் அரிப்பினால் கரை பாதிப்புறும் வாய்ப்பை, தற்போதைய தரவுகளின் அடிப்படையில், முற்றிலும் மறுக்க இயலாது, அது சுமார் பத்து சதவீதமாக இருக்கலாம்" என்று எழுதியிருந்தாய். அந்த வரி வந்தபோது பாதிப் பேர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். என் குரலும் எட்டாம் நடைமேடையில் வண்டி தாமதம் என்று சொல்லும் குரலாகத்தான் இருந்தது.

படித்து முடித்ததும் கைதட்டினார்கள், தம்பி. தலைவர் எழுந்து, "கேட்டீங்கல்ல? ஆபத்துனு ஒரு வார்த்தை இல்ல. நூத்துக்குத் தொண்ணூறு நம்ம பக்கம். பரீட்சையில தொண்ணூறு வாங்கினா யாராவது அழுவாங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். உனக்காக ஒரு பாராட்டுத் தீர்மானம்கூடப் போட்டார்கள்.

இன்று காலை என்ன நடந்தது தெரியுமா? மளிகைக் கடைக்காரர் மாடியில் பத்திரப்படுத்தியிருந்த மூட்டைகளையெல்லாம் மறுபடி கீழே இறக்கிவிட்டார். பக்கத்து மாடிவீட்டம்மா, பிரசவமாகி வந்திருக்கும் மகளையும் குழந்தையையும் நம் வீட்டை ஒட்டிய கீழ்த்தள அறைக்கு மாற்றிவிட்டார். மாடிப்படி ஏறி இறங்க அந்தப் பெண்ணுக்கு வலிக்கிறதாம். "அதான் உங்க தம்பியே ஒண்ணும் இல்லனு சொல்லிட்டாரே" என்றார் என்னிடம்.

ஆனால் எனக்கு நீ தனியாக எழுதிய துண்டுக் கடிதமும் அறிக்கையோடுதான் வந்தது. கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து, இரவில்தான் அதைப் பிரித்தேன். அதில் ஒரு சதவீதமும் இல்லை. "அப்பாவை ஒரு வாரம் சித்தி வீட்டுக்குக் கூட்டிப் போ, காற்று மாறினால் இருமலுக்கு நல்லது. மருந்தெல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். அம்மாவின் போட்டோவையும் எடுத்து வை" என்று எழுதியிருக்கிறாய். இருமலுக்கு அம்மாவின் போட்டோ எதற்கடா? சித்தி வீடு மேட்டில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாதா? பிறகு அறிக்கையை எடுத்து மறுபடி படித்தேன். மூன்றாம் பக்கத்தில், அட்டவணைக்குக் கீழே, பொடி எழுத்தில், "கசிவு நீர் கலங்கலாக மாறுவது கவனத்துக்குரியது" என்று இருக்கிறது. கவனத்துக்குரியதாம்! கரையின் உள்மண்தானே கரைந்து அந்தத் தண்ணீரில் வருகிறது? பிள்ளைகள் அதில்தான் கப்பல் விடுகிறார்கள்.

உன்மேல் எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமா? அடுப்பில் பால் பொங்கி வழியும்போது, "அக்கா, கொதிநிலையைத் தாண்டிடுச்சு" என்று நின்ற இடத்திலிருந்து தகவல் சொன்னவன் நீ. அன்று சிரித்தேன். இன்று சிரிப்பு வரவில்லை. உனக்குத் தமிழ் தெரியாமல் இல்லை, அறிவும் குறைவில்லை. நீ அந்த ஆறு பக்கத்தை எங்களுக்காக எழுதவில்லை, அவ்வளவுதான். "எதை வைத்து இப்படிச் சொன்னாய்" என்று நாளைக்கு உன்னை மடக்கக்கூடிய நாலு என்ஜினியர்களுக்காக எழுதியிருக்கிறாய். அவர்கள் படித்தால் அந்த ஒரு வரியில் திடுக்கிட்டு எழுந்துவிடுவார்கள், நாங்களும் எழுந்துவிடுவோம் என்று நினைத்துவிட்டாய். உனக்குத் தெரிந்தது உனக்கு அவ்வளவு பழகிவிட்டது. பத்தில் ஒன்று என்றால் நீ அப்பாவை மேட்டுக்கு அனுப்பச் சொல்கிறாய், எங்களுக்கு அது தொண்ணூறு மார்க்.

நானே தெருவில் சொல்லிப் பார்க்காமல் இல்லை. விடிந்ததும் தலைவரிடம் போய் நின்றேன். "எழுத்துல இருக்கிறத விட்டுட்டு நீங்களா பீதியக் கிளப்பாதீங்கம்மா" என்று அனுப்பிவிட்டார். உன் துண்டுக் கடிதத்தைக் காட்டியிருக்கலாம். காட்டினால், சொந்த அப்பாவுக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று என்று உன்னைக் கிழித்துவிடுவார்கள். அதனால் இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

ஆகவே தம்பி, எனக்குச் சொன்னதைத் தெருவுக்குச் சொல். அறிக்கை வேண்டாம், அட்டவணை வேண்டாம். கரை உடையலாம், இன்று இருட்டுவதற்குள் எல்லோரும் வீட்டைவிட்டு மேட்டுக்குப் போங்கள் என்று இரண்டே வரி. கீழே உன் கையெழுத்து. உன் பெரிய அதிகாரி கோபித்துக்கொள்வார், எனக்குத் தெரியும். நீ சொல்லி, கரை உடையாமலே போனால் என்ன ஆகும் என்றும் பயப்படுவாய். உடையாமல் போகட்டும். தெருவே திரண்டு வந்து உன்னைத் திட்டட்டும், நான் வாசலில் நின்று ஒன்றுவிடாமல் கேட்டுக்கொள்கிறேன். திட்டுவதற்கு எல்லோரும் இருப்பார்கள் இல்லையா, அது போதும்.

மருந்துப் பையும் அம்மாவின் போட்டோவும் கதவருகில் தயாராக இருக்கின்றன. அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அந்தப் பச்சைக் குழந்தை கிளம்பட்டும், பின்னாடியே நான் கிளம்பறேன்" என்று நாற்காலியை வாசலில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவரை விட்டு நான் எங்கே போவேன்?

தலைவர் வீட்டு மைக்கைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். உன் இரண்டு வரி வந்ததும், இந்த முறை பஸ் ஸ்டாண்டுக் குரலில் படிக்க மாட்டேன்.

நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும். லாரி திரும்பும் சத்தத்துக்குக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
கரைக்குக் கீழே இருக்கும்
உன் அக்கா