நாற்காலியில் என் பங்கு

ஜூன் 3

அன்புள்ள சகலைக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை மாமாவின் நாற்காலிக்கு அடியில் நான் மாட்டிக்கொண்டது கண்ணாடி ஸ்க்ரூவைத் தேடி அல்ல. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம்.

ஸ்க்ரூ எதுவும் விழவில்லை. நான் கண்ணாடிக் கடைக்காரன் என்பதால் எல்லோரும் நம்பிவிட்டீர்கள். அரை மணி நேரம் குடும்பமே தரையில் தவழ்ந்தது. நீங்கள் டார்ச் அடித்துத் தேடி, ஒரு ஸ்க்ரூவைக் கண்டுபிடித்துக் கையிலும் கொடுத்தீர்கள். விழாத ஸ்க்ரூ எப்படிக் கிடைத்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அது நாற்காலியினுடையதாக இருந்தால் மாமாவைக் கொஞ்சம் பார்த்து உட்காரச் சொல்லுங்கள்.

நடந்தது இதுதான். முட்டி வலியால் எழுந்திருக்க முடியாத மாமாவுக்கு, பட்டனை அழுத்தினால் ஆளைத் தூக்கி நிறுத்துகிற நாற்காலி வாங்கலாம் என்ற யோசனை யாருடையது? என்னுடையது. உங்கள் வீடு, எங்கள் வீடு, தெருவில் அவரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட பழைய மாணவர்கள் என்று ஆளுக்குக் கொஞ்சம் போடலாம் என்று சொன்னது யார்? நான். இருப்பதிலேயே பெரிய பங்கு யாருடையது? என் வாயால் சொல்லக் கூடாது. என்னுடையது. நீங்கள் பக்கத்துத் தெருவில் இருப்பதால் வசூல் செய்து, கடைக்குப் போய், வாங்கி வந்து வைத்தீர்கள். அவ்வளவுதான்.

ஆனால் அன்றைக்கு நாற்காலியைப் பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் மாமா என்ன சொன்னார்? "சின்ன மாப்ள வாங்கிக் குடுத்தது." மருந்துக் கடைக்காரர் வந்தார். "சின்ன மாப்ள வாங்கிக் குடுத்தது." மருந்துக் கடைக்காரரே பணம் போட்டவர், ஐயா! அவரும், "அப்படியா, ரொம்ப நல்லாருக்கே" என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார். மொத்தம் ஏழு தடவை. எண்ணினேன். என்னைப் பற்றிய பேச்சு ஒரே ஒரு தடவை வந்தது. "பெரிய மாப்ள, அந்த ஃபேனக் கொஞ்சம் கூட்டி வைங்க."

வயிறு எரிந்தது, சகலை. எந்த மாத்திரைக்கும் அடங்காத எரிச்சல். சாப்பாட்டுக்குப் பிறகு மாமா காலை நீட்டிக் கண் அயர்ந்த நேரம் பார்த்து, லென்ஸில் புள்ளி வைக்கிற பேனாவோடு, அவர் கால் வைத்திருந்த பலகைக்கு அடியில் நுழைந்தேன். 'பெரிய மாப்பிள்ளை உபயம்' என்று எழுதிவிட்டு வந்துவிடுவது திட்டம். யாரும் பார்க்கப்போவதில்லைதான். ஆனால் அங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியுமே, அது போதும். 'பெரிய மாப்' வரை வந்திருந்தேன். மாமா தூக்கத்தில் பட்டனை அழுத்திவிட்டார். பலகை மெதுவாக, மிக மரியாதையாக, என் முதுகில் இறங்கியது. ஐம்பது வயதுக்காரன் போட்ட அலறலை நீங்களும் கேட்டீர்கள். அப்போதும் மாமா பதறினாரா? "யாரு, மாப்ளயா கீழ? வண்டிக்கு அடியில போறதுக்கு முன்னாடி சாவியக் கையில எடுத்துக்கணும்னு சொல்லிக் குடுத்தேனா இல்லையா?" என்றார்.

இதையெல்லாம் போனில் சொல்ல முடியாது. வீட்டில் என் போனை உங்கள் அண்ணி என்னைவிட அதிகமாகப் பார்க்கிறாள். உங்கள் வீட்டுக்கு எழுதினால் மச்சினிச்சி பிரித்துவிடுவாள். அதனால் உங்கள் அட்டைப்பெட்டி ஃபேக்டரி விலாசத்துக்கே அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள். அடுத்த தடவை யாராவது வரும்போது, "எல்லாரும் சேர்ந்து வாங்கினது, பெரியவரோட யோசனை" என்று ஒரு வார்த்தை போட்டுவிடுங்கள். நாக்கு ஒன்றும் தேய்ந்துவிடாது.

முதுகில் தைலத்துடன்,
உங்கள் சகலை


ஜூன் 19

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் நேற்றுதான் கைக்கு வந்தது. வாட்ச்மேன் கொண்டுவந்து கொடுத்தார். பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதுகு எப்படி இருக்கிறது? பலகையைத் தூக்கிப் பார்த்தேன். 'பெரிய மாப்' என்று குண்டு குண்டாக அழகாக இருக்கிறது. மீதியை நான் எழுதி முடிக்கட்டுமா? என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். பரவாயில்லை என்றால் சொல்லுங்கள். ஸ்க்ரூவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது என் டார்ச்சினுடையது. இரண்டு நாள் கழித்து டார்ச் இரண்டாகப் பிரிந்தபோதுதான் தெரிந்தது.

மாமா நலம். டிவி பார்க்கும்போது செய்தியில் கார் ஓடினால், உட்கார்ந்தபடியே வலது காலால் தரையை மிதித்து பிரேக் போடுகிறார். பதினொரு மணிக்கு இருவருக்கும் காபி போடுகிறேன். பிறகு ரம்மி. கள்ளாட்டம் ஆடுகிறார். கேட்டால், "கண்ணாடி சரியில்ல, உங்க சகலைட்டச் சொல்லுங்க" என்கிறார்.

நீங்கள் சொன்னதை அவரிடம் எடுத்துச் சொல்லப் பார்த்தேன். பட்டனை அழுத்தி எழுந்து போய்விட்டார். அந்த நாற்காலியில் அப்படியும் ஒரு வசதி இருக்கிறது.

ஒரு வேண்டுகோள், அண்ணா. இனி ஃபேக்டரி விலாசத்துக்கு எழுத வேண்டாம். மாமா வீட்டுக்கே எழுதுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

அண்ணிக்கு என் வணக்கம்.

அன்புடன்,
தம்பி


ஜூன் 24

சகலை,

'அன்புள்ள' போடவில்லை. கவனித்திருப்பீர்கள்.

முதுகை விசாரித்ததற்கு நன்றி. ஆனால் பதினொரு மணி என்ன, காபி என்ன, ரம்மி என்ன! கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் மாமா என்னோடு தனியாக உட்கார்ந்தது மொத்தம் ஏழு மணி நேரம். அதுவும் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது. ஏழாவது பாடம் முடிந்து இறங்கும்போது, "மாப்ளே, உங்களுக்கு நடை நல்லா வரும்" என்றார். முப்பது வருஷத்தில் எந்த மாணவரையும் பொய்யாகப் புகழாத மனிதர் என்று தெரு முழுக்கப் பேர் வாங்கியவர். அதனால்தான் 'சின்ன மாப்ள வாங்கிக் குடுத்தது' என்று அவர் சொன்னால், பணம் போட்டவர்களே நம்பிவிடுகிறார்கள். எனக்கே நடுவில் ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது.

இப்போது உங்கள் தபாலும் அங்கேயே வர வேண்டுமாம். அடுத்தது என்ன, வாசலில் பெயர்ப்பலகை மாட்டப்போகிறீர்களா? அந்த வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளை நான். பஸ்ஸில் ஆறு மணி நேரம் குலுங்கி வந்தால்தான் எனக்கு அந்த முகம். நான் வந்தால் ஃபேன் கூட்ட வேண்டும். நீங்கள் வந்தால் ரம்மி.

உங்கள் அண்ணியிடம் லேசாகச் சொல்லிப் பார்த்தேன். "எங்கப்பாவ நாமதான் பார்த்துக்க முடியல. அவராச்சும் பார்த்துக்கிறாரே, அதுக்குமா பொறாமை?" என்றாள். ஆமாம், அதற்கும்தான். பொறாமை என்ன, ஆளைப் பார்த்தா வருகிறது?

நானும் கடையை இழுத்து மூடிவிட்டு, வேலைவெட்டி இல்லாதவன் மாதிரி பகல் பதினொரு மணிக்கு மாமனார் வீட்டில் காலை நீட்டிக்கொண்டு சீட்டு ஆடினால், எனக்கும் நல்ல பெயர் வரும். நல்ல மாப்பிள்ளை ஆவதற்குப் பாசமெல்லாம் வேண்டாம் போலிருக்கிறது. பகலில் பொழுது இருந்தால் போதும்.

இனி நமக்குள் பேச்சு ஏதாவது இருந்தால் அக்காவும் தங்கையும் பேசிக்கொள்ளட்டும். பதில் எழுத வேண்டாம். எழுதினால் படிப்பேன், அது வேறு.

இப்படிக்கு,
மூத்த மாப்பிள்ளை


ஜூலை 1

அன்புள்ள அண்ணனுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். படிப்பேன் என்றும் சொன்னதால் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை மாமாதான் வாங்கி வைத்து, பிரிக்காமல் கொடுத்தார். 'வேலைவெட்டி இல்லாதவன்' என்ற இடத்தில் நான் படிப்பதை நிறுத்திவிட்டேன் போலிருக்கிறது. "சீட்டப் போடுங்க மாப்ளே" என்று அவர் இரண்டு தடவை சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது.

எனக்கு வேலை இல்லை, அண்ணா. பிப்ரவரியில் ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். மிஷின்களைக் கழற்றி லாரியில் ஏற்றியபோது நானும்தான் கயிறு பிடித்தேன். இப்போது அங்கே வாட்ச்மேன் மட்டும் இருக்கிறார். உங்கள் கடிதம் பத்து நாள் அவர் மேசையில் கிடந்து, பிறகு என்னைத் தேடி வந்தது.

உங்கள் மச்சினிச்சிக்கு இன்னும் தெரியாது. எட்டு மணிக்குச் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்புகிறேன். அவளும் வேலைக்குப் போய் ஐந்து மணிக்குத்தான் திரும்புகிறாள். கணக்கை முடித்துக் கொடுத்த பணத்திலிருந்து மாதாமாதம் சம்பளம் போலக் கொடுக்கிறேன். அது இந்த மாதத்தோடு தீர்கிறது. முதலில் நூலகம், பஸ் நிலையம் என்று சுற்றினேன். ஒரு நாள் நல்ல மழை. மாமா வீட்டில் ஒதுங்கினேன்.

"என்ன மாப்ளே, ஃபேக்டரி லீவா?"

"ஆமா மாமா."

மறுநாளும் போனேன். ஒன்றும் கேட்கவில்லை. நான்காவது நாள், "ரொம்ப நீளமான லீவோ?" என்றார். நான் சாப்பாட்டு டப்பாவைப் பின்னால் நகர்த்திக்கொண்டேன். "சரி, ரம்மி தெரியுமா?" என்று கேட்டுவிட்டுச் சீட்டைக் கலைத்தார்.

அதன் பிறகுதான் உங்கள் நாற்காலி யோசனை வந்தது. எல்லோர் பங்கும் சேர்ந்தது, என்னுடையதைத் தவிர. மாமாவுக்குத் தெரியாமல் வாங்கத்தானே நினைத்தோம்? மருந்துக் கடைக்காரர் முதல் வாரமே டேப்பை எடுத்து வந்து, நாற்காலிக்கு அளவு என்று அவர் காலை அளந்துவிட்டுப் போய்விட்டார். அன்று சாயங்காலம் மாமா என் பங்குக்கான பணத்தை என் கையில் வைத்தார். நான் வாங்க மாட்டேன் என்றேன்.

"எனக்கு வாங்குற நாற்காலிக்கு நானும் காசு போடுறது நல்லதுதான். நாளைக்கு எவனும் எந்திரின்னு சொல்ல முடியாது பாருங்க" என்று சிரித்தார். பிறகு சொன்னார். "யாரு கேட்டாலும் சின்ன மாப்ள வாங்கிக் குடுத்ததுன்னுதான் சொல்லுவேன். நீங்க வாயத் தொறக்கக் கூடாது. இவன் பொய் சொல்ல மாட்டான்னு தெருவே நம்புது. முப்பது வருசமா சேர்த்து வச்ச பேரு, எதுக்காச்சும் ஆகட்டும்."

அவர் ஏழு தடவை சொன்னதாக எண்ணியிருக்கிறீர்கள். ஒவ்வொரு தடவையும் எனக்குத் தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது. நாற்காலிக்கு அடியில் நீங்கள் இருப்பதைப் பார்த்தபோது, நானும் அங்கேயே வந்துவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது.

இதை அண்ணியிடம் சொல்லாதீர்கள். என் மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும்.

அன்புடன்,
தம்பி


ஜூலை 6

அன்புள்ள, மிகவும் அன்புள்ள சகலைக்கு,

போன தடவை விட்டதையும் சேர்த்துப் போட்டிருக்கிறேன்.

அந்த ஒரு வரியை எழுதிய கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. கடையில் இரண்டு நாள் யாருக்கும் சரியாகக் கண் பரிசோதிக்கவில்லை. எழுத்தே தெரியவில்லை என்ற ஒரு பெரியவரிடம், "எனக்கும்தான் தெரியல" என்று சொல்லிவிட்டேன். எழுந்து போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் உங்கள் கண்ணாடியின் ஒரு பக்கத்தை நூலால் கட்டியிருந்தீர்கள். பார்த்தேன். என் தொழிலே அதுதானே, எப்படிப் பார்க்காமல் இருப்பேன்? 'நம்மிடம் சும்மா மாற்றிக்கொள்ளலாம் என்று காட்டுகிறார்' என்று நினைத்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். புது ஃப்ரேம் தனிப் பார்சலில் வருகிறது. பழைய லென்ஸ் அப்படியே பொருந்தும். திருப்பி அனுப்பினால் மறுபடியும் 'அன்புள்ள' போட மாட்டேன்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். முன்பு நாற்காலிக்காக எரிந்தது. இப்போது அந்தப் பொய்க்காக எரிகிறது. முப்பது வருஷம் கட்டிக் காத்த பெயரை மனிதர் உங்களுக்காக வாசலில் நின்று வாரி இறைத்திருக்கிறார். எனக்காக ஒரே ஒரு சின்னப் பொய் சொல்லியிருக்கலாம். "பரவால்ல மாப்ளே, இன்னும் ரெண்டு பாடத்துல ஓட்டிருவீங்க." சொன்னாரா? நடக்கச் சொன்னார்.

உங்கள் அண்ணியிடம் சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் அவளிடம் சொல்லாமல் வைத்திருக்கும் முதல் பெரிய விஷயம் இதுதான். நான்கு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. "என்ன, ஏதாவது பொண்ணு விவகாரமா?" என்று கேட்டுவிட்டாள், அதுவும் சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. ஆகவே என் பொருட்டாவது மச்சினிச்சியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். முதலில் அழுவாள். பிறகு திட்டுவாள். திட்டு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இத்தனை மாதம் தனியாகத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டீர்கள். போதும்.

வருகிற சனிக்கிழமை நான் வருகிறேன். அதற்குள் சொல்லிவிட்டால் நல்லது. சொல்லாவிட்டால் நானும் ஒரு சாப்பாட்டு டப்பாவோடு காலையிலேயே மாமா வீட்டுக்கு வந்துவிடுவேன், மூன்று பேராக ரம்மி ஆடலாம். கள்ளாட்டத்தில் எனக்கும் கொஞ்சம் பயிற்சி உண்டு.

அன்றைக்கு யாராவது நாற்காலியைப் பார்க்க வந்தால், மாமா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொள்வேன். "சின்னவர் வாங்கிக் குடுத்தது." வயிறு எரியத்தான் செய்யும். எரியட்டும்.

என்றும் உங்கள்,
சகலை

பி.கு. நாற்காலிக்கு நான் போட்டதாகச் சொன்ன பெரிய பங்கு உங்கள் அண்ணி தன் சம்பளத்தில் போட்டது. அவள் என்னிடம் கேட்டபோது, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தேன்.