முதுகுப் பக்கம் தீட்டிய கத்தி

என் கோமதிக்கு,

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு நம் மகள் செல்வி வந்திருக்கிறாள். நீ இல்லாமல் வந்த முதல் தபசு. நான் கோவில் பக்கமே போகவில்லை. விஷயம் தெரியாத யாராவது, "வீட்ல வரலையா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டால் என்ன சொல்வது? சாப்பாடு ஒழுங்காகத்தான் சாப்பிடுகிறேன், கவலைப்படாதே.

நேற்று காலையில் செல்வி தக்காளி நறுக்க ஆரம்பித்தவள், கத்தியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். "எப்பா, இது நறுக்க மாட்டேங்கு, நசுக்குது. வாராவாரம் தீட்டிக் குடுப்பீங்களே?"

நான் அடுக்களைக் கதவைப் பார்த்தேன். கண்டக்டர் வேலையை விட்டபோது பழைய பையிலிருந்து அறுத்து ஆணியில் மாட்டினேனே, அந்தத் தோல் வார் அங்கேயேதான் தொங்குகிறது. வெள்ளிக்கிழமைதோறும் கத்தியைக் கல்லில் தேய்த்து, வாரில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்துத் தருவேன். அதை வைத்து முகமே மழிக்கலாம் என்று பக்கத்து வீட்டில் பீற்றிக்கொள்வாய்.

சர்க்கரை முற்றி உன் விரல் நுனியெல்லாம் மரத்துப்போன பிறகுதான் எனக்குப் புத்தி கெட்டது. வெண்டைக்காய் நறுக்கும்போது விரல் வெட்டுப்பட்டு, காயெல்லாம் ரத்தமான பிறகும் உனக்குத் தெரியவில்லை. நான்தான் பார்த்துக் கட்டுப் போட்டேன். சமையலை விட்டுவிடு என்றால் நீ கேட்கிற ஆளா? அந்த வாரத்திலிருந்து கல்லைத் தொடவில்லை. கத்தியின் முதுகுப் பக்கத்தை மட்டும் வாரில் இழுத்தேன். சத்தம் உன் காதில் விழுந்தால் போதுமென்று நினைத்தேன்.

"என்னங்க, கத்தி இறங்கவே மாட்டேங்கு" என்பாய்.

"ஏட்டி, கத்தி நல்லாத்தான் இருக்கு. உன் கையிலதான் வலு இல்ல" என்பேன். உன் முகம் வாடிப்போகும். அதைப் பார்த்துக்கொண்டேதான் அப்படிச் சொன்னேன்.

மழுங்கிய கத்திதான் வழுக்கும் என்பது எனக்கு ஏன் உறைக்கவில்லை? பூசணிக்காயை ஒரு கையால் பிடித்து, மறு கையில் உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்து அழுத்தினாய். கத்தி தோலில் வழுக்கி, பிடித்திருந்த கையில் ஆழமாக இறங்கியது. திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் சர்க்கரையால் அந்தப் புண் ஆறவே இல்லை.

எப்படி ஆயிற்று என்று டாக்டர் கேட்டார். "மககிட்ட போன்ல பேசிக்கிட்டே வெட்டினேன் சார். என் கவனந்தான் தப்பிருச்சு" என்றாய். அவர் நகர்ந்ததும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாய். "முதுகை வச்சு இழுத்தா சத்தம் மந்தமா வரும். எனக்குத் தெரியாதா? பயந்துதான செஞ்சீங்க" என்றாய்.

"என்னத்த உளறுத?" என்று சொல்லிவிட்டு டீ வாங்கப் போய்விட்டேன். வந்து பார்த்தால் தூங்கிக்கொண்டிருந்தாய். அதன் பிறகு உன்னிடம் தனியாகப் பேச எனக்கு வாய்க்கவே இல்லை. மன்னிப்புக் கேட்க வேண்டிய நேரத்தில் டீக்கடையில் நின்றவன் நான்.

நீ என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய்யை நம் பிள்ளை சுமந்துகொண்டிருக்கிறாள், கோமதி. நேற்று கத்தியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். "அன்னைக்கு நான் போன் பண்ணாம இருந்திருந்தா அம்மா இருந்திருப்பா, எப்பா." அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

இன்று கல்லை எடுத்தேன். கத்தியைப் பொறுமையாகத் தேய்த்து, வாரில் இரண்டு பக்கமும் ஒழுங்காக இழுத்தேன். கையில் கொடுத்தால் சண்டை வரும் என்பாயே, அதனால் வழக்கம்போல மேடையில் வைத்தேன். செல்வி எடுத்துத் தக்காளியை நறுக்கினாள். சத்தமே இல்லாமல் இறங்கியது.

நாளை காலை அவள் பஸ் ஏறுமுன் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. சண்டை வந்தால் வரட்டும். என் முகத்தில் விழிக்காமல் போனாலும் போகட்டும். அவள் பண்ணிய போனால் நீ சாகவில்லை என்பதைத் தெரிந்துகொண்டு போகட்டும்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்,
செல்வியின் அப்பா.