பேட்ஜோடு உள்ளே போனேன்

14.7.1999

அப்பாவுக்கு வணக்கம். அம்மாவின் முட்டிவலி தேவலையா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை இங்கே கரண்ட் போய், அணு உலைக்குத் தண்ணீர் அனுப்பும் பம்புகள் நின்றன. உலையை நிறுத்திய பிறகும் எரிபொருளின் சூடு உடனே தணியாது. தண்ணீர் இல்லையென்றால் அதை அடைத்துள்ள குழாய்கள் உப்பி வெடித்துவிடும். உள்ளே போய்க் கையால் ஒரு வால்வைத் திறக்க வேண்டும். எஞ்சினியர்கள் நகரவில்லை. எங்களை வேலைக்குக் கூட்டிவந்த மேஸ்திரி நாச்சிமுத்து, "கெழங்கு தின்ன மலைக்கார ஒடம்பு, ஒண்ணும் ஆகாது. பேட்ஜைக் கழட்டி வெச்சுட்டுப் போங்க சாமி" என்றார். அந்த பேட்ஜ்தான் கதிர்வீச்சை அளப்பது. கூட வந்த இருவரும் கழற்றினார்கள்.

"செத்தா எவ்வளவு பட்டுச்சுன்னு எதைப் பாத்துங்க எழுதுவீங்க?" என்று கேட்டுவிட்டு நான் பேட்ஜோடு போனேன். வால்வைத் திறந்தோம், தண்ணீர் பாய்ந்தது.

என் பேட்ஜில் அளவு மீறிவிட்டதால் இனி எனக்கு வேலை இல்லையாம். கழற்றியவர்களுக்குக் கணக்கே இல்லை, மறுநாளே மறுபடி உள்ளே வேலைக்குப் போனார்கள். என் இடத்துக்குத் தம்பியை அனுப்புவதாக நீங்கள் மேஸ்திரியிடம் வாக்குக் கொடுத்தீர்களாம். சந்தை நாளில் அவனை அழைத்துப்போக அவர் மலைக்கு, நம் செம்மேட்டுக்கு வருகிறார். என்னைக் கேட்காமல் யார் கொடுக்கச் சொன்னது?

மிளகு கொஞ்சம் அனுப்புங்கள். அம்மாவின் பழைய சேலை ஒன்றும் வேண்டும், போர்த்திக்கொள்ள.

டேய் சந்தோசு, அப்பாவுக்கு நீதான் படித்துக்காட்டுவாய். உனக்கு இங்கே வர ஆசை என்று தெரியும். ஒரு வரியையும் விழுங்காமல் சத்தமாகப் படி.

தபால்காரர் பெட்டியைத் திறக்கிறார்.

குழந்தைவேல்